மீனாட்சிபுரம் தாண்டி பழைய வீட்டுச் சாமான் கடை, நெலவு (வாசக்கால்) வாங்கப் போன கதை

பொள்ளாச்சில இருந்து மீனாட்சிபுரம் செக்போஸ்ட் தாண்டி வண்டித்தாவளம் போற ரோட்ல தகரக் கொட்டாய் போட்டு, முன்னாடி கல்லுத்தூணு ஆட்டுக்கல்லு எல்லாம் வரிசையா நிறுத்தி வெச்சிருப்பாங்க, போர்டு எதுவும் கெடையாது, அந்தக் கடையப் பத்தித்தான் எழுதறேன். அக்கம்பக்கத்துல கேட்டா பாய் கடைன்னு சொல்லுவாங்க. ஆறு மாசத்துல நாலு தடவ போயிட்டு வந்தாச்சு, கதவோட ஒரு நெலவு, முன்னூறு ஓடு, ஒரு ஆட்டுக்கல்லு வாங்கிருக்கேன், அதனால நல்லது கெட்டது ரெண்டும் சொல்ல முடியும்.

எங்க தோட்டத்துல சின்னதா ஒரு வீடு கட்டறோம், ரெண்டு ரூம்பு ஒரு ஆசாரம் முன்னாடி திண்ணை, அவ்வளவுதான். புதுத் தேக்குல நெலவும் கதவும் போடலாம்னு விலை விசாரிச்சப்போ எங்க ஆசாரிதான் சொன்னாரு, எதுக்குங்க புது மரம், பழசு பாருங்க, அது ஆடி அடங்குன மரம், இனிமே முறுக்காதுன்னு. அது உண்மைதான், அம்பது நூறு வருசம் வெயிலும் மழையும் பாத்து ஈரமெல்லாம் போயிருக்கும், புது மரம் மாதிரி ரெண்டாவது மழைக்கே கதவு நெலவுல சிக்கிட்டு சாத்தாமப் போற தொல்லை இருக்காது.

கொட்டாய்க்குள்ள போனா மொதல்ல ஒரு மாதிரி தலை சுத்தும், அவ்வளவு சாமான். நெலவு மட்டுமே நாப்பது அம்பது சாத்தி வெச்சிருக்கு. தேக்கு, பலா, அயினி, வேங்கை, அது போக எங்க பக்கத்து வேம்பு, பூவரசு. பனங்கை ஒரு அட்டி, பாலக்காட்டுப் பக்கமும் நம்ம பக்கமும் பழைய ஓட்டு வீட்டுக்கு பனைதான கைமரம், நல்லா வைரம் பாஞ்ச கரும்பனை கோடாலி போட்டாக்கூட கோடாலிதான் மழுங்கும். ஊஞ்சப் பலகை சங்கிலியோட, மரக்கம்பி வெச்ச ஜன்னல், கழட்டிப் போட்ட பத்தாயப் (நெல்லுப் பெட்டி) பலகை, மாட்டுக்குத் தண்ணி காட்டற கல்லுத்தொட்டி, திருகை, உரல், அம்மி. ஒரு மூலைல, எருது பூட்டிக் கெணத்துத் தண்ணி எறைக்கற கவலைக்கான பறி ஒண்ணு, இரும்புத்தகட்டுல அடிச்சது, அடியில இருக்கற தோலு இல்லாம கெடந்துச்சு, எங்க அப்பாரு (தாத்தா) கவலை ஓட்டுனவரு, அதப் பாத்ததும் அங்கயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

பாய்க்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும், பாலக்காட்டுத் தமிழு, நடுவுல மலையாளம் கலந்து வரும், கேக்க நல்லா இருக்கும். நேர்மையான மனுசன், இத அழுத்தியே சொல்றேன். நான் ஒரு தேக்கு நெலவப் பாத்து இது எவ்வளவுங்க பாய்னு கேட்டதுக்கு, "அது வேண்டாம் தம்பி, அடியில செல்லு ஏறிருக்கு, நீங்க பாத்தா தெரியாது, வாங்க காட்டறேன்"னு அவரே உளியால சுரண்டிக் காட்டுனாரு. பெயிண்ட் அடிச்ச மரமா இருந்தா பின்னாடி பக்கம் ஒரு விரக்கடை இழைச்சுக் காட்டச் சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டாரு, நாம கேக்கறதுக்கு முன்னாடி அவரே செய்வாரு. சுத்தியல்ல தட்டி சத்தத்த வெச்சு உள்ள பொக்கு இருக்கா இல்லையான்னு சொல்ற வித்தையும் சொல்லிக் குடுத்தாரு.

நான் எடுத்தது பலா நெலவு. பலா மரம் புதுசுல மஞ்சளா இருக்கும், வருசம் போகப் போக தேன் நெறம், அப்பறம் செவப்பு கலந்த ஒரு காப்பி நெறத்துக்கு வந்துரும், இது கடைசி நெறம். ஆறரை அடி உசரம், ரெட்டைக் கதவு, உள் பக்கம் மரத்தாழ்ப்பாள், வெளிய சங்கிலியும் நாதாங்கியும். மேல்படில நடுவுல ஒரு தாமரை, அதுக்குக் கீழ மலையாளத்துல ஏதோ செதுக்கி 1098ன்னு நம்பர். 42,000 சொன்னாரு, 36,000க்கு முடிச்சோம், வண்டி வாடகை தனி. இதே மாதிரி சாமானுக்கு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல என்ன கேப்பாங்கன்னு போயிப் பாத்தவங்களுக்குத் தெரியும், அத வெச்சுப் பாத்தா இது நியாயமான விலை.

இனிமே சொல்லப் போறதுதான் நான் இத எழுத ஒக்காந்ததுக்குக் காரணம்.

அந்த 1098ஐப் பாத்துட்டு என் மச்சான் ஆயிரம் வருசத்துக் கதவு மாமான்னு சொல்லிட்டான். இல்ல, அது கொல்லம் ஆண்டு. மலையாளத்துக்காரங்க கணக்கு, கிபி 825ல தொடங்குது, அதனால 825ஐக் கூட்டிக்கணும், ஆவணிக்கும் மார்கழிக்கும் நடுவுலன்னா 824. பக்கத்துல செதுக்கிருந்தது மேடம்னு பாய் படிச்சுச் சொன்னாரு, நம்ம சித்திரை. அப்ப 1923ஆம் வருசம் சித்திரை மாசம் ஒரு வீட்டுக்கு நெலவு வெச்சிருக்காங்க. சித்தூர் தாலுக்கா அப்போ கொச்சி ராஜ்யம், பாலக்காட்டு டவுன் மலபார் ஜில்லால சேர்ந்து மெட்ராஸ் மாகாணம், இந்தப் பக்கம் பொள்ளாச்சி கோயமுத்தூர் ஜில்லா. 1956 நவம்பர் 1க்கு அப்பறம்தான் இப்ப இருக்கற கோடு. ஒரு நெலவுல இருந்த ஒரு நம்பரும் ஒரு மாசப் பேரும் இவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போச்சு, ஆனா யாரு வீடு, எந்த ஊரு, எதுக்குப் பிரிச்சாங்க, அது ஒண்ணும் தெரியல.

பாய்கிட்ட கேட்டேன். நோட்டு எடுத்தாரு. வருசக்கணக்குல எழுதி வெச்சிருக்கற நோட்டு, தேதி, வண்டி வாடகை, கூலி, மொத்தம், அவ்வளவுதான் இருக்கு. ஊர் பேரு இல்ல, வீட்டுப் பேரு இல்ல. ஆனா அவரு மனசுல இருக்கு. நோட்ட மூடி வெச்சுட்டு கண்ண மூடி யோசிச்சு, "இது வண்டித்தாவளத்துல இருந்து உள்ள போகணும், தெக்கேக்களம்னு சொல்லுவாங்க, ஒரு கொளத்துக்குப் பக்கத்துல, பதினஞ்சு வருசம் இருக்கும் நான் பிரிச்சு"ன்னு சொன்னாரு. கொட்டாய்ல இருக்கற நூத்துக்கணக்கான சாமானுக்கு இருக்கற ஒரே ரிஜிஸ்டர் அவரு ஞாபகம்தான்னு அப்பத்தான் புரிஞ்சுது, புரிஞ்சப்போ வயித்துல ஏதோ பண்ணுச்சு.

அடுத்த ஞாயித்துக்கெழம வண்டிய எடுத்துட்டு கெளம்பிட்டேன். தாவளம்னா தங்கற எடம், மாட்டு வண்டிக தங்கிப் போன ஊருன்னு பேருலயே இருக்கு. தெக்கேக்களம்னு கேட்டா நாலு பேரு நாலு எடம் காட்டறாங்க, அந்தப் பேரு அந்தப் பக்கம் சாதாரணம். பாலக்காட்டுல களம்னா நெல்லடிக்கற களம் மட்டும் இல்ல, வயலுக்கு நடுவுல அத ஒட்டி இருக்கற வீட்டையே களம்னுதான் சொல்றது. நம்ம பக்கத்துல தோட்டத்துச் சாளைன்னு சொல்றோமே அதே மாதிரி. கடைசில கொளத்த அடையாளம் வெச்சு கண்டுபிடிச்சேன். வீடு இருந்த எடம் தென்னந்தோப்பு. ஒரு கெணறு, படியோட, சுத்திலும் பெரணி மொளச்சு. வாசலுக்கு ஏற மூணு கல்லுப் படி, ஏறுனா எங்கயும் போகாது. மண்ணக் கிளறுனா ஓட்டுச்சில்லு. பின்னாடி பொடக்காளி இருந்திருக்கும்போல, அந்த எடத்துல மட்டும் மண்ணு கருப்பா சாம்பல் கலந்து இருந்துச்சு, பக்கத்துல வயசான ஒரு புளியமரம். பக்கத்து வயல்ல மாடு மேச்சுட்டு இருந்த அம்மா ஒருத்தரு சொன்னாங்க, நெல்லு அளக்கற காலத்துல முத்தத்துல நிக்க எடம் இருக்காதாம், பெறகு பாகம் பிரிஞ்சு ஆளாளுக்குப் போயிட்டாங்களாம், கடைசியா ஒரு கெழவி மட்டும் இருந்தாங்களாம், அவங்க போனப்பறம் ரெண்டு மழைக்கு ஓடு எறங்கிருச்சாம்.

அவங்க சொன்ன ரெண்டு வரில ஒரு பெரிய கதை இருக்கு. கேரளத்துல 1970 ஜனவரி 1ல இருந்து நெலச் சீர்திருத்தம் அமலுக்கு வந்து ஜன்மி (நெலச் சொந்தக்காரர்) முறை போச்சு, உழுதவங்களுக்கு நெலம் கெடச்சுது, அது நடக்க வேண்டிய நியாயம். பாட்ட (குத்தகை) நெல்லு நின்னதும் பத்தாயம் காலியாச்சு, பத்தாயம் காலியானா அவ்வளவு பெரிய வீட்டுக்கு ஓடு மாத்தற செலவு எங்க இருந்து வரும். அதுக்கப்பறம் 1975ல கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் போட்டு 1976 டிசம்பர் 1ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு, தறவாட்டு (கூட்டுக்குடும்பத்து) சொத்துல ஆளாளுக்கு இவ்வளவுன்னு பங்கு ஆயிருச்சு. நெலத்தப் பங்கு போடலாம், நெலவ எப்படிப் பங்கு போடறது, வித்துட்டுக் காசத்தான் பங்கு போடணும்.

நம்ம பக்கம் காரணம் வேற. சாளை எதுக்கு தோட்டத்துக்கு நடுவுல இருந்துச்சுன்னா கெணறு அங்க இருந்துச்சு. விடியக்காலைல கவலை பூட்டணும், ரெண்டு எருது, அதுக்குக் கட்டுத்தரை, தட்டுப்போர், ராத்திரி காவல், எல்லாத்துக்கும் ஆளு அங்கயே கெடக்கணும். 1932ல நீலகிரி பைகாரா மின்நிலையத்துக் கரண்ட் வந்து, அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா காட்டுக்குக் காடு மோட்டார் வந்ததும் எருது போச்சு, எருது போனா கட்டுத்தரை எதுக்கு. பெறகு போர் போட்டு போர் போட்டு கெணறு வத்துச்சு, கடலக்காடும் சோளக்காடும் தென்னையாச்சு, தென்னைக்கு தெனம் ஆளு வேண்டியதில்ல, புள்ளைக கோயமுத்தூரு திருப்பூர்னு போயிருச்சுங்க. யாரும் இடிக்கல, யாரும் துரத்தல, ஒரு நாள் வெளக்கு வெக்க ஆளில்லாமப் போச்சு.

எங்களுக்கும் சாளை இருந்துச்சு. வேலந்தாவளம் பக்கத்துல, தமிழ்நாட்டு எல்லைக்குள்ள, எங்க அப்பாரு கட்டுனது. நான் அஞ்சாவது படிக்கறப்போ பிரிச்சுட்டாங்க. வந்து பிரிச்ச வியாபாரி ஒருத்தரு, யாருன்னு எங்கய்யனுக்கே (அப்பாவுக்கே) இப்ப ஞாபகம் இல்ல, நெலவு கதவு ஓடு கைமரம் எல்லாம் ஒட்டுக்கா ஒரு தொகை பேசி லாரில ஏத்திட்டுப் போயிட்டாரு, பேசுன காசுலயும் பாதிதான் வந்துச்சாம். காசு போகட்டும். எங்க ஆத்தா அன்னிக்கு முழுக்க சோறு திங்கல, அது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்த எடத்துல இப்ப கிளுவை வேலி ஒரு ஓரமும், கெணத்து மேட்டுல கவலைக்கு நட்ட ரெண்டு கல்லும் நிக்குது. கூகுள் எர்த் ப்ரோல பழைய படங்களத் தேதி வாரியா பின்னாடி தள்ளித் தள்ளிப் பாத்தேன், எங்க சாளை அந்தப் படங்களுக்கும் முன்னாடியே போயிருச்சு. ஆனா சுத்துப்பட்டுல மத்த சாளைக ஒண்ணொண்ணா காணாமப் போறது தெளிவாத் தெரியுது, ஒரு படத்துல செவப்பா சதுரமா ஓட்டுக்கூரை இருக்கும், அடுத்த படத்துல பச்சை.

இதுல ஒண்ணு கவனிச்சேன். கேரளத்துல வீட்டுக்கு ஒரு பேரு உண்டு, அது வோட்டர் லிஸ்ட்டுல வரும், மனுசங்க இனிஷியல்லயே வரும், அதனால வீடு இடிஞ்சாலும் பேரு ரெண்டு மூணு தலைமுறைக்கு மனுசங்க மேல ஒட்டிட்டு இருக்கு. நம்ம பக்கம் பட்டாவுல சர்வே நம்பரும் புஞ்செய்யும்தான் இருக்கும், சாளைன்னு ஒரு வார்த்தை கூட இருக்காது, வில்லங்கம் போட்டுப் பாத்தாலும் கெடைக்காது. மேட்டுச்சாளை, புளியமரத்துச்சாளைன்னு காட்டு மேலதான் பேரு ஒட்டிக்கும், அந்தக் காடு சைட்டாப் போட்டு வித்தாச்சுன்னா பேரும் போச்சு.

ஓட்டப் பத்தியும் சொல்லிர்றேன். நான் வாங்குன முன்னூறுல பாதிக்கு மேல பின்பக்கம் ஃபெரோக் முத்திரை, கோழிக்கோட்டுக்குப் பக்கத்து ஊரு. கொஞ்சம் பாசல் மிஷன்னு சுவிட்சர்லாந்து கிறிஸ்தவ மிஷன்காரங்க கம்பெனி ஓடு, அதுல 1865ன்னு இருக்கும். இதப் பாத்து எங்க வீடு 1865ல கட்டுனதுன்னு சொல்றவங்கள நானே பாத்திருக்கேன். அது மங்களூர்ல அந்தக் கம்பெனி மொதல் ஓட்டுப் பாக்டரி தொடங்குன வருசம், எத்தன வருசம் கழிச்சு சுட்ட ஓட்டுலயும் அதே வருசம்தான் இருக்கும். முதல் உலகப்போருக்கு அப்பறம் அந்தப் பாக்டரிகள காமன்வெல்த் டிரஸ்ட் எடுத்துக்கிச்சு, அதனால காமன்வெல்த்னு முத்திரை இருந்தா அந்த ஓடு போருக்குப் பெறகு சுட்டது. வீட்டு வயசு தெரியணும்னா ஓட்ட நம்பாதீங்க, ஓடு மாத்திட்டே இருப்பாங்க, நெலவப் பாருங்க. என் நெலவுலயே பக்கவாட்டுல சென்சஸ்காரங்க எழுதுன வீட்டு நம்பர் மூணு அடுக்கு இருந்துச்சு, தார்ல ஒண்ணு, நீலப் பெயிண்ட்ல ஒண்ணு, சாக்பீஸ்ல எழுதி மங்கிப் போனது ஒண்ணு. ஆசாரி இழைச்சுரலாம்னாரு, வேண்டாம்னு சொல்லிட்டேன்.

ஓடு ஒண்ணு 18 ரூபாய் போட்டாரு. தட்டுனா கணீர்னு கேக்கணும், மொறமொறன்னு கேட்டா ஓரமா வெச்சுருங்க. எனக்கு முன்னூறுல பதினொண்ணு ஒடைஞ்சு வந்துச்சு, அடுத்த தடவ போறப்போ பேசாம பதினஞ்சு எடுத்துக் குடுத்தாரு.

குறைன்னா, சாமான் ஒழுங்கா அடுக்கி வெக்கல, கதவு ஒரு பக்கம் அதோட நெலவு ஒரு பக்கம் கெடக்குது, சோடி சேக்கவே அரை நாள் ஆச்சு, கையில அளவு எழுதிட்டுப் போயிருங்க. மழைல பின்பக்கக் கொட்டாய் ஒழுகுது, நல்ல அயினிப் பலகை ரெண்டு நனைஞ்சு பூசணம் புடிச்சுக் கெடந்ததப் பாத்தேன், மனசு ஆறல. தேளு இருக்கும், கையக் கண்ட எடத்துல விடாதீங்க. விலை எதுலயும் எழுதிருக்காது.

பெரிய குறை அந்த நோட்டுதான். மூணாவது தடவ போனப்போ நேராவே சொல்லிட்டேன், பாய், ஒவ்வொரு நெலவுக்கும் பின்னாடி ஊர் பேரும் வீட்டுப் பேரும் பெயிண்ட்ல எழுதி வெச்சா என்னங்க, உங்களுக்கு அப்பறம் இது யாருக்குத் தெரியும்னு. அவரு கொஞ்ச நேரம் பேசல. அப்பறம் சொன்னாரு, "விக்கறவங்க எழுத வேண்டாம்பாங்க தம்பி. வீட்டப் பிரிச்சு வித்தாங்கன்னு ஊருக்குத் தெரியறது அவங்களுக்கு நாணக்கேடு. ராத்திரில வந்து எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னவங்க உண்டு." இத நான் யோசிக்கவே இல்ல. எங்கய்யன் அந்த வியாபாரி பேரு ஞாபகம் இல்லைன்னு சொல்றதுகூட அதனாலதானோ என்னமோ. இருந்தாலும் ஆளு பேரு வேண்டாம், ஊரும் களத்துப் பேரும் மட்டும் போதும், இருவது வருசம் கழிச்சு அந்த வீட்டுப் பேரப்புள்ள ஒண்ணு தேடிட்டு வந்தா கையக் காட்ட ஒரு எடம் வேணும்ல, அப்படின்னேன். பாக்கலாம்னு மட்டும் சொன்னாரு.

நாலாவது தடவ ஆட்டுக்கல்லு எடுக்கப் போனேன், 1,200 ரூபாய், குழவியோட. கல்லுக்கு அடியில சுண்ணாம்புல கன்னிமாரின்னு எழுதிருந்துச்சு. மத்த கல்லு ரெண்டு மூணுலயும் ஊர் பேரு பாத்தேன். நெலவுகள்ல இன்னும் எழுதல.

போறவங்களுக்கு, வெள்ளிக்கெழம மதியம் தொழுகைக்குப் பூட்டிருவாங்க, மூணு மணிக்கு மேல போங்க. கார்டு எடுக்க மாட்டாங்க, ஜிபே உண்டு. பில்லு கேட்டு வாங்கிக்கோங்க, எல்லை தாண்டி மரம் கொண்டு வரும்போது செக்போஸ்ட்ல கேட்டா கையில காட்ட ஒண்ணு வேணும். வண்டி பொள்ளாச்சில இருந்து கூட்டிட்டுப் போறது மலிவு. பாய்கிட்ட அவசரப்படாம ஒக்காந்து பேசுங்க, எந்தச் சாமான் எங்க இருந்து வந்துச்சுன்னு கேளுங்க, கேட்டதக் கூடவே எழுதி வெச்சுக்கோங்க.

வண்டித்தாவளம் பக்கம் கொளத்துக்கரைல தெக்கேக்களம்னு ஒரு வீடு, நெலவுல தாமரை, 1098 மேடம்னு செதுக்குனது, இது யாரு வீட்டு போட்டோலயாவது பின்னாடி தெரிஞ்சா தயவு செஞ்சு சொல்லுங்க, அந்த வீடு முழுசா எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவ பாக்கணும். அதே மாதிரி வேலந்தாவளம் பக்கத்துச் சாளைல இருந்து போன வேப்ப மர நெலவு ஒண்ணு, ஒத்தைக் கதவு, கீழ்ப்படில மாட்டு லாடம் ரெண்டு அடிச்சிருக்கும், அதுல எடது பக்கத்து லாடம் பாதிதான் இருக்கும். விலைக்குக் குடுக்கலைன்னாலும் பரவால்லங்க, எங்க இருக்குன்னு தெரிஞ்சா எங்கய்யனக் கூட்டிட்டு வந்து பாத்துட்டுப் போறேன்.